சர்வர் மாத்தின பிறகும் வேர்ட் பழைய நெட்வொர்க் பாத்தையே தேடுதா? எங்கெல்லாம் பாக்கணும்

முதல்ல கேள்வியை சுருக்கமா சொல்லிடறேன். ஆபீஸ்ல பழைய ஃபைல் சர்வரை (எல்லாரோட ஃபைலையும் பொதுவா வச்சிருக்கற கம்ப்யூட்டரை) எடுத்துட்டு புது சர்வர் வச்சாச்சு. அதுக்கப்புறம் வேர்ட் திறக்கவே ரொம்ப நேரம் ஆகுது, சில டாக்குமெண்ட் மட்டும் கிளிக் பண்ணினா அப்படியே தொங்கிட்டு நிக்குது, டெம்ப்ளேட் பாத்தை (அது இருக்கற இடத்தோட முகவரியை) ஃபைல் லொகேஷன்ஸ்ல மாத்தி வச்சா மறுநாள் பழைய பாத் திரும்ப வந்துடுது, சில மெஷின்ல இசட் டிரைவ் கண்ணுக்கு தெரியுது ஆனா வேர்ட் மட்டும் பாத் கிடைக்கலன்னு சொல்லுது. என்ன பண்றது?

இது ஒரே பிரச்சனை இல்லங்க. பாத் ஒரு இடத்துல மட்டும் எழுதி இருக்குன்னு நினைச்சு அந்த ஒரு இடத்தையே திரும்ப திரும்ப மாத்திட்டு இருக்கறதுதான் பெரும்பாலும் நேரத்தை சாப்பிடுது. அந்த பழைய சர்வர் பேரு வேர்டோட செட்டிங்ல இருக்கலாம், டாக்குமெண்டுக்கு உள்ளேயே இருக்கலாம், ரிஜிஸ்ட்ரியிலயோ (விண்டோஸ் செட்டிங் எல்லாம் சேவ் ஆகற இடம்) குரூப் பாலிசியிலயோ (அட்மின் எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து போடற விதிகள்) இருக்கலாம், விண்டோஸோட டிரைவ் மேப்பிங்ல (சர்வர் ஃபோல்டருக்கு இசட் மாதிரி ஒரு எழுத்து கொடுக்கறது) இருக்கலாம். அதனால எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இது எந்த இடத்து பிரச்சனைன்னு பிரிச்சு பாருங்க.

பிரிக்கறது கஷ்டம் இல்ல. வேர்டை டாக்குமெண்ட் எதுவும் இல்லாம வெறுமனே திறங்க. அப்பவே மெதுவா இருந்தா வேர்ட் செட்டிங், ஆட்-இன் (வேர்டோட சேந்து ஓடற கூடுதல் ப்ரோகிராம்), ஸ்டார்ட்அப் ஃபோல்டர் (வேர்ட் திறக்கறப்ப தானா லோட் ஆகறது இருக்கற இடம்) இந்த பக்கம் பாக்கணும். வெறும் வேர்ட் சட்டுன்னு திறந்து, குறிப்பிட்ட சில டாக்குமெண்ட் மட்டும் தொங்கினா விஷயம் அந்த டாக்குமெண்டுக்குள்ள இருக்கு. எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி நடக்குதா, இல்ல ஒரு யூசருக்கு மட்டும் தானா, அதே யூசர் வேற மெஷின்ல லாகின் பண்ணினா என்ன ஆகுது, இதையும் பாத்துடுங்க. வேர்டுக்கு சம்பந்தமே இல்லாம, ரன் பாக்ஸ்ல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு சர்வர் பேரு, ஷேர் (சர்வர்ல எல்லாருக்கும் திறந்துவிட்ட ஃபோல்டர்) பேரு அடிச்சு \\சர்வர்\ஷேர் திறக்குதான்னும் பாருங்க. அங்கயே திறக்கலன்னா வேர்டை தொடவே வேண்டாம், அது நெட்வொர்க் வேலை.

அங்க திறக்கலன்னா கமாண்ட் பிராம்ப்ட்ல நெட் யூஸ் (net use) கமாண்ட் போட்டு அதே பாத்தை கனெக்ட் பண்ணி பாருங்க, எரர் நம்பர் வரும், அந்த நம்பர் நிறைய சொல்லும். 53 வந்தா சர்வரையே பிடிக்க முடியல, ஒண்ணு பேரு தப்பு, இல்லன்னா ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் ஃபயர்வால்ல அடைச்சிருக்கு. 67 வந்தா பெரும்பாலும் சர்வர் கிடைக்குது ஆனா அந்த பேர்ல ஷேர் இல்ல, புது சர்வர்ல ஷேர் பேரை லேசா மாத்தி வச்சிருப்பாங்க. 5 வந்தா பர்மிஷன். 1219 வந்தா அதே சர்வருக்கு ஏற்கனவே வேற யூசர் பேர்ல கனெக்ஷன் இருக்கு, விண்டோஸ் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்துல ரெண்டு யூசர் பேர்ல போக விடாது. அப்போ பழைய கனெக்ஷனை டெலீட் பண்ணிட்டு கிரெடென்ஷியல் மேனேஜர்ல சேவ் ஆகி கிடக்கற பழைய பாஸ்வேர்டையும் எடுத்துட்டு திரும்ப கனெக்ட் பண்ணுங்க.

இப்போ வேர்ட் செட்டிங். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போய் கீழ கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணினா ஜெனரல் பகுதியில ஃபைல் லொகேஷன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும். அதுக்குள்ள டாக்குமெண்ட்ஸ், யூசர் டெம்ப்ளேட்ஸ், வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ் (எல்லாருக்கும் பொதுவான டெம்ப்ளேட்), ஆட்டோரெகவர் (வேர்ட் தானா எடுத்து வைக்கற அவசர காப்பி), ஸ்டார்ட்அப்னு வரிசையா இருக்கும். நீளமான பாத்தை அந்த பெட்டியில பாதி மறைச்சுதான் காட்டும், அதனால கண்ணால பாத்து சரியா இருக்குன்னு விட்டுடாதீங்க, ஒவ்வொண்ணையும் மாடிஃபை போட்டு முழு பாத்தையும் பாருங்க. பழைய சர்வர் பேரு நடுவுல ஒளிஞ்சு கிடக்கும்.

இங்க என்னோட கருத்து ஒண்ணு அழுத்தமா சொல்றேன். இந்த லிஸ்ட்ல நெட்வொர்க் பாத் இருக்க வேண்டியது வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ் மட்டும்தான், வேணும்னா டாக்குமெண்ட்ஸும் இருக்கலாம். யூசர் டெம்ப்ளேட்ஸ், ஸ்டார்ட்அப், ஆட்டோரெகவர் மூணும் அந்த மெஷின்லயே லோக்கலா இருக்கணும். யூசர் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர்லதான் நார்மல் டெம்ப்ளேட் இருக்கு, வேர்ட் ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் அதை படிக்கும், மூடறப்ப மாற்றம் இருந்தா எழுதும். ரெண்டு பேர் ஒரே நார்மல் டெம்ப்ளேட்டை நெட்வொர்க்ல இருந்து பயன்படுத்தினா ஒருத்தர் மாத்தினதை சேவ் பண்ண முடியாம மெசேஜ் வரும், எரிச்சல்தான் மிச்சம். ஆட்டோரெகவர் இன்னும் முக்கியம். நெட்வொர்க் துண்டிக்கறப்பதான் அது உங்களுக்கு தேவைப்படும், அதையே நெட்வொர்க்ல வச்சா தேவைப்படற நேரத்துல அதுவும் கைக்கு கிடைக்காது. ஸ்டார்ட்அப் ஃபோல்டரை சர்வர்ல வச்சு மேக்ரோ (வேர்டுக்குள்ள ஓடற சின்ன ப்ரோகிராம்) இருக்கற டெம்ப்ளேட்டை எல்லாருக்கும் ஒரே இடத்துல இருந்து கொடுக்கறவங்க இருக்காங்க, சௌகரியம்தான், ஆனா சர்வர் கொஞ்சம் தடுமாறினா ஒட்டுமொத்த ஆபீசுக்கும் வேர்ட் திறக்காது. லாகின் ஸ்கிரிப்ட் (லாகின் பண்றப்ப தானா ஓடற கமாண்ட்கள்) வழியா லோக்கல் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி கொடுக்கறது நல்லது.

வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ் செட்டிங் வேர்டுக்கு மட்டும் சொந்தமானது இல்ல, எக்ஸெல், பவர்பாயிண்ட் எல்லாத்துக்கும் பொதுவா ஆபீஸோட காமன் பகுதியில சேவ் ஆகுது. அதனால வேர்ட்ல மாத்தினா அங்கயும் மாறும். இதோட ஆப்ஷன்ஸ்ல சேவ் பக்கத்துல டீஃபால்ட் பர்சனல் டெம்ப்ளேட்ஸ் லொகேஷன்னு தனியா ஒண்ணு இருக்கு, 2013ல இருந்து இது வந்துச்சு, அதுலயும் பழைய பாத் இருக்கலாம், நிறைய பேர் அதை பாக்கறதே இல்ல.

மாத்தினது மறுநாள் திரும்பி வருதுன்னு சொன்னீங்களே, அது வேர்டோட கோளாறு இல்ல, யாரோ திரும்ப எழுதறாங்க. ரிஜிஸ்ட்ரியில கரண்ட் யூசர் பக்கம் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆபீஸ், 16.0, வேர்ட், ஆப்ஷன்ஸ்னு போனா டாக்-பாத், ஸ்டார்ட்அப்-பாத், ஆட்டோசேவ்-பாத் மாதிரி வேல்யூ இருக்கும் (2016, 2019, 2021, 365 எல்லாத்துக்கும் 16.0 தான்). அதே வரிசை பாலிசீஸ்னு ஒரு கீக்கு கீழயும் இருக்கான்னு பாருங்க. அங்க இருந்தா குரூப் பாலிசி வழியா வருது, நீங்க வேர்ட்ல என்ன மாத்தினாலும் அதுதான் ஜெயிக்கும், ஆபீஸ் நெட்வொர்க்கை நிர்வகிக்கற டொமைன் அட்மின்தான் அதை மாத்தணும். ஜிபி ரிசல்ட் (gpresult) கமாண்ட்ல ரிப்போர்ட் எடுத்தா எந்த பாலிசி இதை கொண்டு வருதுன்னு பேரோட காட்டும். பாலிசியில ஒண்ணும் இல்லன்னா லாகின் ஸ்கிரிப்ட்ல யாராவது எப்பவோ போட்டு மறந்துபோன ரிஜிஸ்ட்ரி ஃபைல் ஓடுதான்னு பாருங்க. ரோமிங் ப்ரொஃபைல் (எந்த மெஷின்ல லாகின் பண்ணினாலும் கூடவே வர்ற செட்டிங்) இருந்தா வேற மெஷின்ல இருந்து பழைய செட்டிங் திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கு. ரிஜிஸ்ட்ரியில நேரா கை வைக்கறதா இருந்தா முதல்ல அந்த கீயை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க, வேர்டையும் அவுட்லுக்கையும் முழுசா மூடிட்டு பண்ணுங்க, ஏன்னா கிளாசிக் அவுட்லுக் மெயில் எழுதறதுக்கு வேர்டைதான் உள்ள பயன்படுத்துது, திறந்து இருக்கறப்ப மாத்தினா மூடறப்ப பழைய மதிப்பையே மேல எழுதிட வாய்ப்பு இருக்கு.

அடுத்தது டாக்குமெண்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற பாத், சில டாக்குமெண்ட் மட்டும் தொங்கறதுக்கு முதல் சந்தேகம் இதுமேலதான் வரணும். ஒரு டெம்ப்ளேட்டில இருந்து டாக்குமெண்ட் உருவாக்கினா அந்த டெம்ப்ளேட்டோட முழு பாத்தும் டாக்குமெண்டுக்குள்ள எழுதப்படும். பழைய சர்வர்ல இருந்த டெம்ப்ளேட்டை வச்சு பல வருஷமா உருவாக்கின ஒவ்வொரு டாக்குமெண்டும் இன்னும் அந்த சர்வரை ஞாபகம் வச்சிருக்கு. திறக்கறப்ப வேர்ட் அந்த சர்வரை தேடும், கிடைக்கறவரை காத்திருக்கும், கிடைக்கலன்னா எதுவும் சொல்லாம நார்மல் டெம்ப்ளேட்டோட திறந்துடும். எரர் மெசேஜே வராததால காரணம் என்னன்னு யாருக்கும் புரியறது இல்ல.

எவ்வளவு நேரம் காத்திருக்கும்ங்கறது இன்னொரு விஷயத்தை பொறுத்தது. பழைய சர்வர் பேரு டிஎன்எஸ்ல (பேரை ஐபி முகவரியா மாத்தித் தர்ற லிஸ்ட்) இருந்தே போயிடுச்சுன்னா ஓரளவு சீக்கிரம் கைவிட்டுடும். மெஷினை ஆஃப் பண்ணிட்டு டிஎன்எஸ் என்ட்ரியை அப்படியே விட்டுட்டா, ஐபி முகவரி கிடைக்குது ஆனா அந்த பக்கம் பதில் சொல்ல யாரும் இல்ல, விண்டோஸ் திரும்ப திரும்ப கதவை தட்டி பாக்கும், ஒரு முயற்சிக்கே 20 செகண்ட் பக்கம் போகலாம், அப்புறம் வெப்டேவ் (வெப் வழியா ஃபைல் எடுக்கற முறை) வழியாவும் முயற்சி பண்ணும், டாக்குமெண்ட்ல அதே சர்வருக்கு நாலு லிங்க் இருந்தா கேக்கவே வேண்டாம். அதனால பழைய சர்வரை எடுத்தா அதோட டிஎன்எஸ் என்ட்ரியை சும்மா விட்டு வைக்காதீங்க. ஒண்ணு அழிக்கணும், இல்ல கீழ சொல்ற மாதிரி புது சர்வருக்கு திருப்பணும்.

ஒரு டாக்குமெண்டுக்கு சரி பண்ண டெவலப்பர் டேப்ல டாக்குமெண்ட் டெம்ப்ளேட் பட்டன் இருக்கு (டெவலப்பர் டேப் தெரியலன்னா கஸ்டமைஸ் ரிப்பன்ல டிக் போடுங்க). அங்க பழைய பாத் தெரியும், அட்டாச் போட்டு புது பாத்துல இருக்கற டெம்ப்ளேட்டையோ நார்மலையோ கொடுத்து சேவ் பண்ணிடுங்க. திறக்கவே முடியாத அளவுக்கு தொங்குதுன்னா டாக்குமெண்டை ஒரு காப்பி எடுத்து எக்ஸ்டென்ஷனை ஜிப்னு மாத்துங்க, டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில ஒரு ஜிப் தான். உள்ள வேர்ட் ஃபோல்டர்ல ரெல்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல செட்டிங்ஸ்னு ஆரம்பிக்கற ஃபைலை நோட்பேட்ல திறந்தா டார்கெட்னு போட்டு பழைய பாத் அப்படியே எழுத்தா இருக்கும். அந்த ஃபைலை வெளிய எடுத்து மாத்தி சேவ் பண்ணி, திரும்ப ஜிப்புக்குள்ள அதே இடத்துல போட்டு எக்ஸ்டென்ஷனை திரும்ப மாத்தினா முடிஞ்சது. நூத்துக்கணக்குல ஃபைல் இருந்தா இதையே ஸ்கிரிப்ட் எழுதி பண்ணலாம். மேக்ரோ எழுதறவங்களுக்கு ஒரு குறிப்பு: டெம்ப்ளேட் கிடைக்காத டாக்குமெண்ட்ல அட்டாச்டு டெம்ப்ளேட் ப்ராப்பர்ட்டியை கேட்டா அது நார்மல்னுதான் சொல்லும், உண்மையான பழைய பாத்தை டெம்ப்ளேட்ஸ் டயலாக் வழியா கேட்டாதான் கிடைக்கும்.

ஆனா ஆயிரக்கணக்கான டாக்குமெண்ட் இருக்குன்னா ஒவ்வொண்ணா மாத்தறது என்னைக்கும் முடியாது. அந்த இடத்துல சர்வர் பக்கமே சரி பண்றதுதான் புத்திசாலித்தனம். பழைய சர்வர் பேரை புது சர்வருக்கு மாற்றுப்பேரா வச்சுடுங்க, ஷேர் பேரும் ஃபோல்டர் அமைப்பும் அதே மாதிரி இருந்தா பழைய பாத் எல்லாம் உயிரோட வேலை செய்யும். வெறும் டிஎன்எஸ் அலையஸ் மட்டும் போட்டா சில இடத்துல லாகின் தகராறு பண்ணும், அதனால விண்டோஸ் சர்வர்ல நெட்டாம் (netdom) கமாண்ட் வச்சு கம்ப்யூட்டருக்கு கூடுதல் பேரா சேக்கறது சரியான முறை. அடுத்த தடவை சர்வர் மாறினாலும் இந்த பாடு வேண்டாம்னா டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் போடுங்க. அதுல பாத் டொமைன் பேர்ல ஆரம்பிக்கும், பின்னாடி எந்த சர்வர் இருக்குன்னு டாக்குமெண்டுக்கு தெரியவே தெரியாது, சர்வர் மாறினா நேம்ஸ்பேஸ்ல ஒரு இடத்துல டார்கெட்டை மாத்தினா போதும்.

டெம்ப்ளேட் தவிர டாக்குமெண்டுக்குள்ள லிங்க் பண்ணின படம், எக்ஸெல் ஷீட், மெயில் மெர்ஜ் டேட்டா சோர்ஸ் இவையும் முழு பாத்தை வச்சிருக்கும். ஃபைல், இன்ஃபோ பக்கத்துல எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்னு இருந்தா (லிங்க் இருந்தாதான் அது தெரியும்) அங்க மாத்தலாம். நிறைய லிங்க் இருந்தா ஆல்ட் எஃப்9 அடிச்சு ஃபீல்ட் கோடை (லிங்க்குக்கு பின்னாடி இருக்கற எழுத்தை) காட்ட வச்சு ஃபைண்ட் ரீப்ளேஸ் போடுங்க, ஆனா ஃபீல்ட் கோடுக்குள்ள ஒவ்வொரு பேக்ஸ்லாஷும் ரெட்டையா இருக்கும், சர்வர் பேருக்கு முன்னாடி நாலு இருக்கும், அதை கவனிக்காம ரீப்ளேஸ் போட்டா ஒண்ணும் சிக்காது.

இசட் டிரைவ் விஷயத்துக்கு வரேன். டிரைவ் லெட்டர்ங்கறது அந்த யூசரோட அந்த லாகின் செஷனுக்கு மட்டும் சொந்தம். வேர்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டு திறந்தா அது வேற செஷன், அங்க இசட் டிரைவே இருக்காது, எக்ஸ்ப்ளோரர்ல தெரியுது வேர்ட்ல தெரியலன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். இன்னொண்ணு, விண்டோஸ் சர்வர் 15 நிமிஷம் சும்மா இருந்த கனெக்ஷனை டீஃபால்ட்டா துண்டிச்சுடும். எக்ஸ்ப்ளோரர்ல கிளிக் பண்ணினா திரும்ப கனெக்ட் ஆயிடும், ஆனா வேர்ட் சில நேரம் அதுக்கு பொறுமையா காத்திருக்காம பாத் கிடைக்கலன்னு சொல்லிடும். வைஃபை மெஷின்ல நெட்வொர்க் வர்றதுக்கு முன்னாடியே லாகின் முடிஞ்சு டிரைவ் மேப் ஆகாம போறதும் உண்டு, நெட்வொர்க்குக்கு காத்திருன்னு ஒரு குரூப் பாலிசி இருக்கு, அதை ஆன் பண்ணினா பெரும்பாலும் சரியாகும். ஒருத்தருக்கு இசட், இன்னொருத்தருக்கு ஒய்னு இருந்தா ஒருத்தர் போட்ட லிங்க் இன்னொருத்தருக்கு வேலை செய்யாது. இதனாலதான் செட்டிங்லயும் லிங்க்லயும் டிரைவ் லெட்டர் வேண்டாம், \\சர்வர்\ஷேர் மாதிரி முழு பாத்தையே கொடுங்கன்னு சொல்றது.

ஐபி முகவரியை பாத்துல போட்டா சீக்கிரம் வேலை முடியுதேன்னு சிலர் அதையே நிரந்தரமா வச்சுடறாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு. சர்வர் பேர்ல புள்ளி இருந்தா, அதாவது ஐபியோ முழு டொமைன் பேரோ இருந்தா, விண்டோஸ் அதை இன்டர்நெட்னு எடுத்துக்கும். உடனே ப்ரொடெக்டட் வியூல (எடிட் பண்ண விடாத பாதுகாப்பு நிலையில) திறக்கும், 2022ல இருந்து மேக்ரோவையும் தடுத்துடும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்ல லோக்கல் இன்ட்ராநெட் சைட்ஸ் லிஸ்ட்ல அந்த சர்வரை சேத்தா இது தீரும். டெம்ப்ளேட்டில மேக்ரோ இருந்தா ட்ரஸ்ட் சென்டர்ல ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்ல நெட்வொர்க் லொகேஷன்களை அனுமதிக்கற டிக்கையும் போடணும். ஆனா தயவுசெஞ்சு முழு ஷேரையும் ட்ரஸ்டட்னு போடாதீங்க. டெம்ப்ளேட் ஃபோல்டரை மட்டும் போடுங்க, அதுல எழுதற உரிமை ஒண்ணு ரெண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும், மத்தவங்களுக்கு படிக்கற உரிமை போதும். எல்லாரும் எழுதக்கூடிய ஃபோல்டரை ட்ரஸ்டட் ஆக்கினா யாரோ ஒருத்தர் மெஷின்ல வந்த வைரஸ் மேக்ரோ ஆபீஸ் முழுக்க கேள்வி கேக்காம ஓடும்.

பர்மிஷன்ல ஒரு நுணுக்கம் இருக்கு, டாக்குமெண்ட் திறக்குது ஆனா சேவ் ஆகலன்னா இதை பாருங்க. வேர்ட் சேவ் பண்றப்ப பழைய ஃபைல் மேலயே எழுதறது இல்ல, ஒரு டெம்ப் ஃபைல்ல எழுதிட்டு பழையதை எடுத்துட்டு பேரை மாத்தும். அதனால எழுதற உரிமை மட்டும் இருந்தா போதாது, அழிக்கற உரிமையும் சேந்த மாடிஃபை பர்மிஷன் அந்த ஃபோல்டர்ல வேணும். வேற யாரோ திறந்து வச்சிருக்காங்கன்னு பொய்யா சொன்னா ~$ல ஆரம்பிக்கற மறைஞ்ச ஃபைல் அங்க தங்கிடுச்சான்னு பாத்து, சர்வர்ல ஓபன் ஃபைல்ஸ் லிஸ்ட்ல உண்மையிலேயே யாரும் இல்லன்னு உறுதி பண்ணிட்டு அழிங்க. முழு பாத்தும் ஃபைல் பேரோட சேத்து 259 எழுத்தை தாண்டினாலும் வேர்ட் தகராறு பண்ணும், விண்டோஸ்ல லாங் பாத்தை ஆன் பண்ணினாலும் ஆபீஸ் அதை ஏத்துக்காது, ஃபோல்டர் பேரை சுருக்கறதுதான் வழி.

சர்வர் மாத்தாமலே திடீர்னு நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல நேரா மாட்டற ஸ்டோரேஜ் பெட்டி) கிடைக்காம போச்சுன்னா விண்டோஸ் 11ஓட 24எச்2 அப்டேட் வந்துச்சான்னு பாருங்க. அதுல ப்ரோ பதிப்புல எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் ஷேரிங் முறை) சைனிங் டீஃபால்ட்டா கட்டாயம் ஆச்சு, பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் அணுகலும் டீஃபால்ட்டா போச்சு. நாஸ்ல ஆளுக்கு ஒரு யூசர் பாஸ்வேர்ட் போட்டு ஃபர்ம்வேரை புதுப்பிங்க. இதுக்காக அதோட பழைய பதிப்பான எஸ்எம்பி1ஐ திரும்ப ஆன் பண்ணுங்கன்னு எங்கயாவது படிச்சா செய்யாதீங்க, 2017ல வான்னாக்ரை வைரஸ் அதோட ஓட்டை வழியாதான் பரவுச்சு.

லிப்ரேஆபீஸ்னா டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரேஆபீஸ், பாத்ஸ். டெம்ப்ளேட்ஸ்க்கு ஒண்ணுக்கு மேல பாத் சேக்கலாம், டெம்பரரி ஃபைல்ஸ் மட்டும் கண்டிப்பா லோக்கல். லிங்க் பண்ணின படங்களுக்கு லோட்/சேவ், ஜெனரல்ல ஃபைல் சிஸ்டத்துக்கு ரிலேட்டிவா சேவ் பண்ற டிக் இருக்கு, அதை போட்டு டாக்குமெண்டும் படமும் ஒரே ஷேர்ல இருந்தா சர்வர் மாறினாலும் லிங்க் உடையாது. லினக்ஸ்ல ஃபைல் மேனேஜர் வழியா ஷேரை திறக்கறதை விட ஒரு ஃபோல்டர்ல நிரந்தரமா மவுண்ட் பண்ணி (இணைச்சு வச்சு) அந்த பாத்தை கொடுக்கறது நம்பகமா இருக்கும். மேக்ல ஷேர் வால்யூம்ஸ் ஃபோல்டர்ல மவுண்ட் ஆகும், அதே பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருந்தா கடைசியில -1 சேத்துடும், அதோட எல்லா பாத்தும் தப்பா போயிடும்.

இத்தனையும் பாத்தும் வெறும் வேர்டே மெதுவா திறந்தா ரன் பாக்ஸ்ல வின்வேர்ட் ஸ்லாஷ் சேஃப் (winword /safe) போட்டு சேஃப் மோடுல திறந்து பாருங்க. அதுல வேகமா இருந்தா ஆட்-இன் அல்லது ஸ்டார்ட்அப் டெம்ப்ளேட். அப்பவும் மெதுவா இருந்தா டீஃபால்ட் பிரிண்டர் பழைய சர்வர் வழியா போற நெட்வொர்க் பிரிண்டரான்னு பாருங்க, வேர்ட் பக்க அமைப்புக்காக டீஃபால்ட் பிரிண்டரை கேக்கும். ரீசன்ட் லிஸ்ட்லயும் எக்ஸ்ப்ளோரரோட க்விக் அக்சஸ்லயும் பின் பண்ணி வச்ச பழைய சர்வர் ஃபோல்டர்கள் ஓபன் டயலாக்கை இழுத்தடிக்கும், அதையும் எடுத்துடுங்க.

அப்பவும் பிடிபடலன்னா மைக்ரோசாஃப்ட் இலவசமா தர்ற ப்ராசஸ் மானிட்டரை இறக்கி, ப்ராசஸ் பேரு வின்வேர்ட், பாத்துல பழைய சர்வர் பேரு இருக்கணும்னு ஃபில்டர் போட்டு வேர்டை திறங்க. எந்த ஃபைலை தேடி போய் பேட் நெட்வொர்க் பாத்னு திரும்பி வருதுன்னு ஒவ்வொரு வரியா காட்டும். அந்த வரியில டெம்ப்ளேட் பேரு இருந்தா டாக்குமெண்ட் பக்கமும், ஆட்-இன் ஃபைல் பேரு இருந்தா ஸ்டார்ட்அப் பக்கமும் போகணும், பாதை எதுவும் இல்லாம வெறும் சர்வர் பேரு மட்டும் இருந்தா பிரிண்டரையும் பின் பண்ணின ஃபோல்டர்களையும் இன்னொரு தடவை பாருங்க.